சாட்சிக்கு அபயம்

திருப்பத்தூர்க் கோட்டையில் 1801 அக்டோபர் 24-ஆம் நாள் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டவர்கள், அதற்கு முன் நியாயஸ்தலம் ஒன்றைக் கூட்டவேண்டும் என்று எண்ணவில்லை. அந்த அநீதியைத் தலைமுறை தலைமுறையாகப் பேசிவரும் இவ்வூரார்க்கு, விசாரணை நடந்தும் குற்றவாளியே இல்லாமற்போகிற மரணம் அதனினும் கொடிது என்பதை இலங்கையின் திருகோணமலை வழக்கைக் கொண்டு சொல்ல விரும்புகிறேன்.

2006 ஜனவரி 2-ஆம் தேதி மாலை, அந்நகரக் கடற்கரையில் தமிழ் மாணவர் ஐவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். படையினர் தங்களைச் சூழ்ந்துகொண்டதாக அவர்களுள் ஒருவனான ரஜிகர் கைபேசியில் சொல்லக் கேட்டு ஓடிய தந்தை, மருத்துவர் மனோகரன், கடற்படையினரால் வழியில் மறிக்கப்பட்டு, வேட்டுச் சத்தத்தை நின்ற இடத்திலேயே கேட்டார். உடலைப் பெறுவதற்கு, மகன் விடுதலைப் புலி என்று எழுதிய காகிதத்தில் கையொப்பமிடச் சொன்னார்கள், அவர் மறுத்துவிட்டார். பிள்ளையைப் பறிகொடுத்த அந்த வேளையிலும் அவன் பெயருக்குக் களங்கம் வர இசையாத அந்த மனத்திடத்தை என்னென்பது!

சொந்தக் கைக்குண்டு வெடித்தே மாணவர்கள் மாண்டனர் என்று அதிகாரிகள் சொன்ன கதை, 'சுடர் ஒளி' நிருபர் சுகிர்தராஜன் பிணவறையில் எடுத்த படங்களால் பொய்த்தது. தலையில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்த காயங்களை அவை காட்டின. அம்மாதம் 24-ஆம் தேதி, வேலைக்குப் புறப்பட்ட அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். அச்சுறுத்தல் தாளாமல் மனோகரன் குடும்பம் நாட்டை விட்டே வெளியேறியது. 2013-இல் விசேட அதிரடிப் படையினர் கைதாயினர். போதிய சாட்சியம் இல்லையென்று 2019 ஜூலை 3-இல் குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும் விடுவிக்கப்பட்டனர்.

அவர்களை விடுவித்த நீதவானை நான் நிந்திக்கமாட்டேன். சாட்சியமின்றித் தண்டிப்பது மற்றோர் அநீதியாகும். ஆனால் சாட்சியம் இல்லாமற்போனது தற்செயலன்று. கண்டவனைக் கொன்றும், கேட்டவனை விரட்டியும், அதன்பின் கூப்பிட்டுப் பார்த்தால் யார் வருவார்கள்?

மாறாக, நமக்கு அண்மையிலுள்ள மேலவளவில், 1997-இல் ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்தோரும் சாதி வெறிக்குப் பலியான வழக்கை, உள்ளூர்ப் பகையின் கை எட்டாத சேலத்தில் நடத்தினார்கள், சாட்சிகள் பேசினார்கள், 2001-இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

இலங்கையிலும் சாட்சிகளைக் காக்கும் சட்டம் 2015 முதல் இருக்கிறது. ஆகவே அந்நாட்டுச் சட்டமா அதிபர் இவ்வழக்கை மீண்டும் எடுத்து, அயல்நாடுகளில் வாழும் சாட்சிகள் அங்கிருந்தபடியே காணொளி வாயிலாகச் சாட்சியம் சொல்ல வழிசெய்ய வேண்டும். அதை நம் அரசுகளும் விடாது வற்புறுத்த வேண்டும்.