கும்மியை விழுங்கும் ஒலிபெருக்கி



விருதுநகரிலும் சிவகாசியிலும் மாரியம்மனுக்குப் பங்குனிப் பொங்கல். சிவகாசிப் பத்திரகாளியம்மனுக்குச் சித்திரைப் பொங்கல். இவ் விழாக்களில் கூட்டத்தின் கண் தீச்சட்டியின்மேலும் தேரின்மேலும் செல்லும். எம் கண் செல்வதோ, சுற்றூர்த் தெருக்களில் முளைப்பாரியைச் சூழ்ந்து பெண்டிர் கொட்டும் கும்மியின்மேல்.

முளைப்பாரிக்கு 'நவதானியம்' இடுவதாக அழைப்பிதழில் அச்சிடுகின்றனர். ஒன்பான் கூலம் என்றால் விளங்காதோ? மண்கலத்தில் வைக்கோலும் எருவும் இட்டு, ஊறிய மொச்சை, தட்டை, பாசிப்பயறு முதலியவற்றைத் தூவி, வெயில் புகா அறையில் வைப்பர். ஒளி காணாமையால் முளை வெளிர்மஞ்சளாய் நெடிது வளரும். அதன் செழிப்பைக் கொண்டு அவ்வாண்டு வெள்ளாமையைக் கணிப்பர். வானம் பார்த்த கரிசற்காட்டு உழவன் விதையை ஆய்ந்தறிந்த முறையே இஃது. இதற்கு வடமொழி ஓதுவார் எவரும் வேண்டியதில்லை.

இரவுதோறும் அதனைச் சுற்றிக் கும்மி நிகழும். கை குவித்துக் கொட்டுதல் 'கொம்மை' எனப்படும். வள்ளலாரும் தம் பாட்டொன்றிற்குச் 'சண்முகர் கொம்மி' என்றே பெயரிட்டார். சிலம்பின் ஆய்ச்சியர் குரவையில் எழுவர் மகளிர் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழிசைப் பெயர் பூண்டு வட்டமாய் நின்று ஆடினர். (இசையரங்குகளில் இன்று அப் பெயர்களைக் கேட்டதுண்டா? சட்சம், ரிசபம் என்பனவே முழங்குகின்றன.) கும்மி வட்டம் அக் குரவையின் கால்வழி என்பதே எம் துணிபு.

பகலெல்லாம் வெடிமருந்து படிந்த கைகளே இரவில் கொட்டுகின்றன. ஒருத்தி முன்பாட, மற்றையோர் பின்பாடுவர். மதினிமார் ஒருவரையொருவர் நையாண்டி செய்து நின்றவிடத்திலேயே அடி புனைவர். கண்மாய் வறண்டதும் பாட்டில் ஏறும். மாமியார் கடுமையும் ஏறும். வகுப்பில் சீர் பிரிக்கத் திணறும் மாணவி, வட்டத்தில் சந்தம் வழுவாது பாடுகின்றாள்! யாப்பு அவள் நாவில் இருக்கின்றது, நூலில் அன்று.

இவ் வட்டத்தின் நடுவேதான் ஒலிபெருக்கி அலறுகின்றது. பாடுவோர் குரல் அருகில் நிற்பார்க்கும் கேட்பதில்லை. போதாக்குறைக்குப் பணம் கொடுத்து ஆட்டக்குழுவை வேறு அழைத்து வருகின்றனர்.

"திரைப்பாட்டும் தமிழ்தானே?" என்பார் உளர். அதன் பெரும்பகுதி கலப்புத் தமிழ் என்பது ஒருபுறம் இருக்க, அப் பாட்டில் நம் தெருப் பெண்ணுக்கு என்ன பங்கு? கேட்பவளாக நிற்கின்றாள், அவ்வளவே. கும்மியிலோ அவளே புலவர்.

ஒன்று கடிந்து கூறுவோம். தெருவுக்கொரு வட்டம், சாதிக்கொரு முளைப்பாரி என்னும் இழிவு இன்னும் சில ஊர்களில் உளது. ஒரே வானத்து மழையை வேண்டும் கூட்டத்திற்கு இப் பிரிவு ஏன்? அதனைக் களையாது கும்மியை மட்டும் காப்போம் என்பது வீண்பேச்சு.

விழாக் குழுவினர் முளைப்பாரி இரவுகளில் ஒலிபெருக்கியை நிறுத்துக. தமிழாசிரியர்கள் தத்தம் மாணவியரின் பாட்டிமாரிடம் சென்று பாடல்களைச் சொல் மாறாது எழுதிக் கொள்க. அடுத்த பங்குனிக்குள் ஊருக்கொரு சுவடியேனும் நிறைதல் வேண்டும்.