மலையேறாத வோட்டு

தேர்தல் முடிவுகளை ஸ்தானக் கணக்காக மட்டும் படிப்பது நம்மவரிடையே ஊறிப்போன வழக்கம். எந்தக் கட்சி வென்றது, எது வீழ்ந்தது என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது. வோட்டர் ஜாபிதாவில் யார் பெயர் இருந்தது, யார் பெயர் இல்லை என்று கேட்பவர் அரியர். ஜனநாயகத்தின் அஸ்திவாரமோ அந்த ஜாபிதாதான். பழைய தென்னாற்காடு ஜில்லாவின் முடிவுகளைக் கல்வராயன் மலையடிவாரமாகிய கச்சிராயபாளையத்தில் நின்று நோக்குவோருக்கு இவ்வுண்மை தெற்றென விளங்கும்.

1951-52 பொதுத் தேர்தலில் லோக்சபையின் 489 ஸ்தானங்களில் 364-ஐக் காங்கிரஸ் கைப்பற்றியது. ஆயினும் சென்னை ராஜ்யத்தின் 75 ஸ்தானங்களில் அதற்குக் கிட்டியவை 35 மட்டுமே. ராஜ்ய சட்டசபையிலும் 375-க்கு 152 என்ற அளவில் நின்றது. விடுதலைப் போரை நடத்திய மகாசபைக்கு இது பேரிடி. உணவுத் தட்டுப்பாடும் உட்கட்சிப் பூசலும் இதற்குப் பொதுக் காரணங்கள் எனலாம். தென்னாற்காட்டிலோ தனிக் காரணமும் உண்டு.

வன்னியர் சமூகத்தாரிடையே 1951-இல் எழுந்த உழைப்பாளர் கட்சி, ஸ்ரீ எஸ். எஸ். ராமசாமி படையாச்சியின் தலைமையில் சட்டசபையில் 19 ஸ்தானங்களையும் லோக்சபையில் 4 ஸ்தானங்களையும் பெற்றது. இரட்டை அங்கத்தினர் தொகுதியான திண்டிவனத்தில் இரு ஸ்தானங்களும் அக்கட்சிக்கே சென்றன. கடலூரில் ஒன்று அக்கட்சியின் கோவிந்தசாமி கச்சிராயருக்கும், மற்றொன்று காங்கிரஸின் எல். இளையபெருமாளுக்கும் கிடைத்தன.

ஜாதி, அரசியலில் புகுந்துவிட்டதே என்று அன்று பலர் அங்கலாய்த்தனர். அக்கவலை ஆதாரமற்றதன்று. ஆனால் அது பாதி உண்மையே. உழுது பயிரிட்டு வரி செலுத்தியும், பதவிகள் பங்கிடப்படும்போது புறக்கணிக்கப்பட்ட மக்கள், கலகத்தால் அன்றி வோட்டுச் சீட்டால் தம் குறையைச் சொன்னார்கள் என்பதே மறுபாதி. பலனும் உடனே விளைந்தது. காமன்வீல் கட்சித் தலைவர் மாணிக்கவேலு நாயக்கர் 1952-இல் ராஜாஜியின் மந்திரிசபையிலும், படையாச்சியார் 1954-இல் காமராஜரின் மந்திரிசபையிலும் இடம் பெற்றனர். வாசலில் நின்றவர்களைக் கூடத்துக்கு அழைத்தது அவர்களுடைய வோட்டுத்தான்.

இனி மலைமேல் பார்ப்போம். நாடு குடியரசான பின்னும் கல்வராயன் மலை சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் ஆகிய மூன்று ஜாகீர்தார் வம்சங்களின் ஆதிக்கத்தில் இருந்தது. 1976-இல்தான் சர்க்கார் அதை மேற்கொண்டது. 2024 ஜூனில் கள்ளச்சாராயம் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பின்னரே, சென்னை உயர்நீதிமன்றம் இம்மலைவாசிகளின் நிலை பற்றித் தானாகவே வழக்கெடுத்தது. 1996-இல்தான் அவர்களுக்கு வோட்டுரிமை கிட்டியது என்ற செய்தி அவ்வழக்கில் வெளிவந்தது. 1952 முதல் 1991 வரை பத்து லோக்சபைத் தேர்தல்கள் அவர்களைக் கேளாமலே நடந்தேறின என்பது இதன் பொருள்.

முதல் தேர்தலில் வட இந்தியாவில் சுமார் 28 லட்சம் பெண்கள், தம் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே கூறியதால் ஜாபிதாவில் இடம் பெறவில்லை. தேர்தல் கமிஷன் அக்குறையை எண்ணிப் பார்த்து வெளிப்படையாக அறிவித்தது. எண்ணப்பட்ட குறைக்குப் பரிகாரம் உண்டு. மலைவாசிகளின் குறையோ எண்ணப்படவே இல்லை.

சமவெளியில் வோட்டுப் பெற்றவர்கள் இரண்டாண்டில் மந்திரி பதவி கண்டார்கள். மலைமேல் வோட்டில்லாதவர்கள் பாதைக்கும் பள்ளிக்கும் வைத்தியசாலைக்கும் தலைமுறைகளாகக் காத்துக் கிடந்தார்கள். இது தற்செயல் என்று எவரும் சொல்லத் துணியார். வோட்டில்லாதவன் மனு எழுதலாம். வெறும் மனுவுக்கு அஞ்சிய மந்திரியை நாம் அறியோம்.

ஆகவே தேசத் தொண்டர்களுக்கு நாம் கூறுவது இதுவே. ஜாபிதா திருத்தப்படும் ஒவ்வொரு முறையும் அதிகாரிகள் மலைக் குக்கிராமங்கள் ஒவ்வொன்றையும் நேரில் மிதித்தாக வேண்டும். பிழைப்பு நாடி வெளியூர் சென்றவர் பெயரை, ஆள் இல்லை என்று ஒரே கோட்டில் அடித்துவிடலாகாது. கட்சி ஊழியர்களும் வோட்டுக் கேட்க மட்டும் மலையேறுவதை விடுத்து, விடுபட்ட பெயர்களைச் சேர்க்க முன்கூட்டியே ஏறுவார்களாக. பெயரில்லாதவனின் தீர்ப்பு பெட்டியில் விழாது. அவன் தீர்ப்பு விழாத தேர்தலில் வென்றவர் எவராயினும், அவ்வெற்றி குறைபட்டதே.