கம்பியின் மேல் பழி போடலாமா?

தரவுத்தளம் மெதுவாக ஓடினால் நம்மவர் முதலில் சாடுவது இணைப்பைத்தான். "விடுதி வைஃபை சரியில்லை, வி.பி.என். இழுக்கிறது" என்று சொல்லிவிட்டுத் தேநீர்க் கடைக்குப் போய்விடுகிறோம். நானும் அப்படிச் சொன்னவனே.

என் ஆய்வுக்கு உரியது மழைப் பதிவு. பழைய திருவிதாங்கூர் முழுவதற்கும் எடுத்தேன். ஆகவே 1956 நவம்பர் முதல் நாள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்த குமரிப் பகுதியும் அதில் உண்டு. பொன்முடியும் வரும், பேச்சிப்பாறையும் வரும். நிலையக் குறியீடு ஆங்கில எழுத்தில். நிலையத்தின் பெயர் தமிழில். ஆய்வேடு கொடுக்க ஒரு மாதமே இருக்கையில், ஒவ்வொரு வினவலும் நாற்பது வினாடி எடுத்தது. வேண்டியவையோ ஆயிரத்துக்கு மேல்.

இணைப்பைப் பராமரிப்பவர் ஓர் ஒப்பந்தப் பணியாளர். அவருக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதம் அது. அவர் மேல் நாங்கள் புகார் எழுதினோம். கையெழுத்து வாங்குமுன் ஏதோ உறுத்தியது. மடிக்கணினியைத் தூக்கிப் போய், சர்வரின் அருகிலேயே கேபிளில் இணைத்துப் பார்த்தேன். அங்கும் அதே நாற்பது வினாடி! அதே வினவலை மேலாண்மைச் சாளரத்தில் தட்டினாலோ, விடுதி வைஃபையிலும் கண் இமைக்குமுன் விடை. கம்பி குற்றமற்றது என்பது தெளிவாயிற்று.

உண்மை இதுதான். எஸ்.க்யூ.எல். சர்வரில் குறியீட்டுப் பத்தி வார்சார் வகை. மைக்ரோசாப்டின் ஜே.டி.பி.சி. டிரைவரோ, மாற்றிச் சொல்லாவிட்டால், எழுத்துத் தொடர்களை யூனிகோடாகவே அனுப்பும். இரு வகைகள் மோதும்போது சர்வர் மாற்றுவது பத்தியை. எங்கள் அட்டவணையின் பழைய எஸ்.க்யூ.எல். வரிசைமுறையில் இண்டெக்ஸ் பயனற்றுப் போய், ஒவ்வொரு வரியையும் மாற்றி மாற்றி ஒப்பிட்டுக்கொண்டிருந்தது. நூலகத்தில் அகரவரிசை அட்டைகள் இருந்தும், ஒவ்வோர் அட்டையையும் வேறு எழுத்தில் பெயர்த்தெழுதித் தேடுவது போல. சாளரத்தில் நான் குறியீட்டைச் சாதாரண மேற்கோளில் தட்டியதால் அந்தத் தொல்லை இல்லை.

யூனிகோடாக அனுப்பும் அமைப்பை அடியோடு நிறுத்திவிடு என்றார்கள். நிறுத்தினால் வேகம் வரும்; ஆனால் நான் வழக்கமான முறையில் அனுப்பும் "பேச்சிப்பாறை" கேள்விக்குறிகளாகப் போய்ச் சேரும். தமிழை விற்று வேகம் வாங்க நான் இசையவில்லை. அந்த ஒரு குறியீட்டை மட்டும் வினவலுக்குள்ளேயே வார்சாராக மாற்றினேன். ஒரு வினாடிக்குள் முடிந்தது.

இன்னொரு கைவைத்தியமும் உண்டு: ஆரித்அபார்ட்டை இயக்கு என்பது. சாளரத்தில் அது இயங்கும், பெரும்பாலான டிரைவர்களில் இயங்காது. ஆகவே இரண்டுக்கும் தனித்தனி இயக்கத் திட்டம் சேமிக்கப்படும். அதை மாற்றினால் புதுத் திட்டம் கிடைக்கிறது, அவ்வளவே, நோய் திரும்பலாம். எர்லண்ட் சோமர்ஸ்கோக் இதை நீண்ட கட்டுரையில் விளக்கியிருக்கிறார்.

கம்பி எப்போதும் உத்தமன் என்று நான் வாதிடவில்லை. போய்வர 50 மில்லிவினாடி ஆகும் வழியில் ஆயிரம் வினவலை ஒவ்வொன்றாக அனுப்பினால் 50 வினாடி வழியிலேயே போகும். அதைக் கணக்கிட்டுச் சொல்லலாமே! புகார் எழுதுவோர் கேபிளில் ஒன்று, வைஃபையில் ஒன்று, நிரலில் ஒன்று, சாளரத்தில் ஒன்று என நேரம் குறித்து இணைக்க வேண்டுமென்று நம் சங்கம் கேட்டால் என்ன?

நாங்கள் எழுதிய புகார்த் தாள் இன்னும் என் மேசை அறையில் கிடக்கிறது. அந்தப் பணியாளர் வராந்தாவில் எதிர்ப்பட்டால் வணக்கம் சொல்கிறார். நானும் சொல்கிறேன்.