பூட்டுக்கு அப்பால் இருப்பவர் யார்?

இணையவழி வங்கிச் சேவையைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது எவ்வாறு என்று கேட்போரிடம், முகவரிப் பட்டையில் பூட்டுச் சின்னம் தெரிகிறதா எனப் பார்க்குமாறு வங்கிகள் பல ஆண்டுகளாகக் கூறி வந்துள்ளன. அன்றைக்கு அது பொருத்தமான அறிவுரையே. இன்று அது பாதி அறிவுரை என்று நாம் கருதுகிறோம்.

பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் வேலை முடிந்து, ஓசூர்ப் பேருந்துக்குக் காத்திருக்கும் ஒருவர் தருமபுரியிலுள்ள பெற்றோருக்குக் கைப்பேசி வழியே பணம் அனுப்புகிறார் என்று கொள்வோம். அவர் உள்ளிடும் கடவுச்சொல் பல கருவிகளைக் கடந்தே வங்கியின் சர்வரை அடைகிறது. வழியில் எவரும் அதைப் படிக்க இயலாதவாறு மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறது என்பதற்கு அடையாளமே அந்தப் பூட்டு. உலாவிக்கும் சர்வருக்கும் இடையே குறைந்தது 128 பிட் மறையாக்கம் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2001 ஜூன் மாத நெறிமுறைகளிலேயே கூறிவிட்டது.

ஆனால், மறுமுனையில் இருப்பவர் யார் என்பதைப் பூட்டு கூறுவதில்லை. சர்வரின் சான்றிதழ், முகவரிப் பட்டையிலுள்ள பெயருக்கும் அந்தச் சர்வருக்கும் உள்ள தொடர்பை மட்டுமே உறுதி செய்கிறது. அந்தப் பெயர் வங்கியுடையதா என்பது வேறு கேள்வி. முன்பு பணம் கொடுத்து வாங்க வேண்டியிருந்த சான்றிதழ், இன்று சில நிமிடங்களில் இலவசமாகவே கிடைக்கிறது. சிறிய நிறுவனங்களுக்கு இது பெரும் நன்மை. வங்கியின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிப் போலித் தளம் அமைப்பவருக்கும் அதே நன்மை! பூட்டைத் தளத்தின் நம்பகத்தன்மையாகவே பலர் தவறாகப் புரிந்துகொள்வதால், குரோம் உலாவி 2023இல் அச்சின்னத்தையே முகவரிப் பட்டையிலிருந்து நீக்கிவிட்டது.

இந்த இடைவெளியை நிரப்பவே ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரியில் ‘பேங்க்.இன்’ என்று முடியும் முகவரிகளை அறிவித்தது. வங்கிகள் 2025 அக்டோபர் 31க்குள் அவற்றிற்கு மாற வேண்டும் என்றும் ஆணையிட்டது. ஐதராபாத்திலுள்ள வங்கித் தொழில்நுட்ப வளர்ச்சி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் மட்டுமே அவற்றைப் பதிவு செய்கிறது. வங்கி அல்லாதவர் அப்பெயரைப் பெற இயலாது. இதை நாம் மனமார வரவேற்கிறோம். எனினும், புதிய முகவரியைப் பெற்ற பின்பும் சுருக்கப்பட்ட இணைப்புகளைக் குறுஞ்செய்தியில் அனுப்பும் வழக்கத்தை வங்கிகள் தொடர்ந்தால், வாடிக்கையாளர் முகவரியைப் படித்துப் பழகுவது எங்ஙனம்? பழைய முகவரிகளையும் கைவிடக் கூடாது. பதிவு காலாவதியானால் வேறொருவர் அவற்றை வாங்கிவிடக்கூடும்.

கைப்பேசிச் செயலியின் நிலை இன்னும் நுட்பமானது. அங்கே முகவரிப் பட்டையே இல்லை. சான்றிதழைச் சரிபார்க்கும் பொறுப்பு முழுவதும் செயலிக்குள் இருக்கும் மென்பொருள் நூலகத்தைச் சார்ந்தது. பல செயலிகளும் நூலகங்களும் மறையாக்கம் செய்கின்றன, ஆனால் சான்றிதழைச் சரியாகச் சோதிப்பதில்லை என்பதை 2012இல் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். சோதனைக் காலத்தில் வசதிக்காகச் சரிபார்ப்பை நிறுத்திவைத்துப் பின்னர் அப்படியே விட்டுவிடுவதும் உண்டு. அவ்வாறாயின், இடையில் நிற்கும் திருடனுடனேயே செயலி மிகப் பாதுகாப்பாக உரையாடிக்கொண்டிருக்கும். எனவே மென்பொருள் வாங்கும் வங்கி, ‘மறையாக்கம் உண்டா?’ என்று கேட்பதோடு நிற்கலாகாது. போலிச் சான்றிதழைக் காட்டி, இணைப்பைச் செயலி மறுக்கிறதா என்று சோதித்துப் பார்க்க வேண்டும்.

வாடிக்கையாளரின் பங்கு சிறிதே. செயலியை அதிகாரபூர்வச் செயலி அங்காடியிலிருந்து மட்டும் நிறுவுங்கள். உலாவியில் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து, முதல் சாய்கோட்டுக்கு முன்னால் அது ‘பேங்க்.இன்’ என்று முடிகிறதா எனப் பாருங்கள். ‘இணைப்பு பாதுகாப்பானதன்று’ என்ற எச்சரிக்கை தோன்றினால், ‘பரவாயில்லை, தொடருங்கள்’ என்று யார் கூறினாலும் வெளியேறிவிடுங்கள். பணம் பறிபோனதாக அறிந்தால், 1930 என்ற எண்ணுக்கும் வங்கிக்கும் உடனே தெரிவியுங்கள். தாமதமின்றித் தெரிவித்தால், பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் அதை முடக்கும் வாய்ப்பு உண்டு.