ஓநாய்க் குட்டிக்கு ஒரு நோட்டு

இந்த லீவில் மட்டாஞ்சேரிப் பக்கம் இருக்கும் நம்ம ஊர்க் குடும்பங்களில் இரண்டு மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "பொண்ணு கம்ப்யூட்டர்ல ஓநாய் வளர்க்கிறா. ஜோடி சேர்க்கிறா, குட்டி போட வைக்கிறா. இதெல்லாம் பிள்ளைங்க விளையாடலாமா? நிறுத்திடவா?"

என் கருத்து: நிறுத்தாதீர்கள். கூடவே ஒரு 40 பக்கக் கோடு போட்ட நோட்டு வாங்கிக் கொடுங்கள். அந்த நோட்டுக்குத்தான் இந்தப் பதிவு.

முதலில் விளையாட்டு என்னவென்று தெரியாதவர்களுக்கு. 1996ல் ஜப்பானிலிருந்து டமகோட்சி வந்தது, சாவிக்கொத்து சைஸில் ஒரு குஞ்சு. 1999ல் நியோபெட்ஸ். இரண்டிலும் வேலை ஒன்றுதான்: சோறு போடு, கவனி. வுல்வ்டன் போன்ற ஓநாய் விளையாட்டுகள் இதற்கு அடுத்த படி. லயோடன் என்ற சிங்க விளையாட்டை நடத்துபவர்கள் 2020ல் கொண்டுவந்தது இது. உங்களுக்கு ஒரு தலைமை ஓநாய், அதற்கு ஒரு கூட்டம். சிலது வேட்டைக்குப் போகும், சிலது மூலிகை பார்க்கும். தினம் ஒரு முறை ஆட்டத்தின் நாள் புரளும். ஆண், பெண் ஜோடி சேர்த்தால் குட்டி. குட்டியின் நிறமும் குணமும் அப்பா அம்மாவிடமிருந்து வரும். அதாவது தலைமுறை தலைமுறையாகப் போகும் ஆட்டம்.

சேருவதற்கு முன்னால் வயது வரம்பைப் படித்துவிடுங்கள். பிள்ளை அதற்குக் கீழே என்றால் நீங்கள் ஆடுங்கள், பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து நோட்டு எழுதட்டும். எங்கள் வீட்டில் அப்படித்தான். ஓநாய் என்னுடையது, உத்தரவு மகளுடையது :-)

சரி, புதுசாக ஆரம்பிப்பவர்களுக்கு என் ஐந்து பைசா:

1. முதலில் சோறு, அப்புறம் குட்டி. எல்லோரும் முதல் நாளே குட்டிக்கு அவசரப்படுகிறார்கள். ஒவ்வொரு ஓநாயும் தினம் சாப்பிட வேண்டும், கூட்டத்தில் இடமும் ஒரு அளவுதான். வேட்டைக்குப் போகிறவர்கள் ஒழுங்காக இரை கொண்டுவருகிறார்களா என்று பார்த்துவிட்டு அப்புறம் ஜோடி தேடுங்கள்.

2. குட்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஒரு ஓநாயை அந்த வேலைக்கென்றே விடுங்கள். பிரசவத்துக்கு ஊரிலிருந்து அம்மாவுக்கு டிக்கெட் போட்ட நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நிஜக் காட்டிலும் இப்படித்தான். போன வருஷத்து அண்ணனும் அக்காவும் இந்த வருஷத்துக் குட்டிகளைப் பார்த்துக்கொள்ளும்.

3. நிறத்துக்கு மயங்காதீர்கள். அபூர்வ நிறம் என்று விலை ஏற்றி விற்பார்கள். நிஜ ஓநாயில் நிறத்தின் கதை வேறு. அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் காட்டில் கிட்டத்தட்ட பாதி ஓநாய்கள் கருப்பு. அந்தக் கருப்பு, எப்போதோ வீட்டு நாய்களோடு கலந்ததில் வந்தது என்று 2009ல் கண்டுபிடித்தார்கள். கருப்பு மரபணு ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தால் ஓநாய் நன்றாக இருக்கிறது. அப்பா, அம்மா இரண்டு பக்கமும் வந்தால் பிழைப்பது குறைகிறது. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே கருப்பு!

4. நிஜக் காசு போடாதீர்கள். ஆட்டத்துக்குள்ளேயே சம்பாதிக்கும் காசு உண்டு. நிஜக் காசு கொடுத்து வாங்கும் ஆட்டக் காசும் உண்டு. முதலாவது போதும். பொறுமையும் ஒரு பாடம்தான்.

5. நோட்டு. இதுதான் முக்கியம். ஒவ்வொரு ஓநாய்க்கும் அப்பா யார், அம்மா யார், தாத்தா பாட்டி யார் என்று எழுதுங்கள். ஜோடி சேர்க்கும் முன் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே பெயர் இரண்டு பக்கமும் வந்தால் வேறு ஜோடி தேடுங்கள்.

ஐந்தாவது எதற்கு இவ்வளவு முக்கியம்? பிள்ளைக்குச் சொல்ல ஒரு நிஜக் கதை இருக்கிறது.

அமெரிக்காவில் சுப்பீரியர் ஏரி நடுவில் ஐல் ராயல் என்று ஒரு தீவு. 1940களின் கடைசியில் ஏரி உறைந்தபோது சில ஓநாய்கள் பனி மேல் நடந்து அங்கே போய்ச் சேர்ந்தன. 1980ல் 50 ஆகிவிட்டன. அப்புறம் நாய்களிடமிருந்து வந்த பார்வோ வைரஸ் தாக்கியது. வெளியிலிருந்து புது ரத்தம் வருவதும் அபூர்வமாகிவிட்டது, ஏனென்றால் குளிர்காலத்தில் ஏரி முன்போல் உறைவதில்லை. மிஞ்சியவை சொந்தத்துக்குள்ளேயே குட்டி போட்டன. முதுகெலும்பு கோணலான ஓநாய்கள் பெருகின. 2018ல் மிஞ்சியது இரண்டே இரண்டு. அவை அப்பனும் மகளும். அப்புறம் 2018, 2019ல் வெளியிலிருந்து 19 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். இப்போது கூட்டம் மறுபடி தழைத்திருக்கிறது.

வழி இருக்கும் காட்டில் இந்தப் பிரச்சினை அவ்வளவாக வராது. ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு அப்பா, ஒரு அம்மா, அவர்களின் பிள்ளைகள். வளர்ந்த பிள்ளை ஒன்றிரண்டு வயதில் வீட்டை விட்டுக் கிளம்பும், எங்கோ தூரத்தில் துணை தேடும். பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த நம்மைப் போலத்தான் :-)

இதற்கு அடுத்த உதாரணம் நம்ம ஊரிலேயே இருக்கிறது. ராஜபாளையம் நாய். 2005ல் தபால் தலை போட்டுக் கௌரவித்த நாய். பால் வெள்ளை உடம்பு, ரோஜா நிற மூக்கு. அந்த வெள்ளைக்குத்தான் விலை, ஆகவே வெள்ளைக்கு வெள்ளை என்றே தலைமுறையாகச் சேர்த்தார்கள். அந்த இனத்தில் காது கேட்காத குட்டிகள் நிறையப் பிறக்கின்றன. தோலுக்கு நிறம் கொடுக்கும் அதே செல்கள் உள்காதுக்கும் வேண்டும். முழு வெள்ளையில் அவை காதுக்குப் போய்ச் சேராமல் போகலாம். குட்டி வாங்குகிறவர்கள் பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள்.

இதை மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் அவள் நோட்டிலிருந்து தலையைத் தூக்கிக் கேட்டாள். "அப்பா, கொள்ளுப்பாட்டி கொள்ளுத்தாத்தாவுக்கு அக்கா பொண்ணுதானே?"

ஆமாம். என் பாட்டி, தாத்தாவுக்கு அக்கா மகள். தாய்மாமனுக்கே கொடுத்தார்கள். சொத்து வெளியே போகாது, பெண் கண்காணாத இடத்துக்குப் போகமாட்டாள் என்று அந்தக் காலத்து நியாயம். அவர்களுக்கு முதலில் பிறந்த பெரியத்தைக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. மற்ற நாலு பேரும் நன்றாக இருந்தார்கள். பெரியத்தைக்கு உறவுமுறைதான் காரணம் என்று இன்றைக்கு யாரும் நிரூபிக்க முடியாது. ஆனால் பாட்டி ஒரு காரணம் வைத்திருந்தார். பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது கிரகணத்தன்று வெளியே வந்துவிட்டாராம். "என்னாலதான்" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது அந்த நோட்டைத் திருப்பிப் பாருங்கள். பிறவிக் காது கேளாமையில் பல வகைகள் இரண்டு பக்கமும் சேர்ந்தால்தான் வெளியே வரும். அப்பாவிடம் ஒரு குறைப் பிரதி, அம்மாவிடம் ஒரு குறைப் பிரதி, ஆனால் இருவருக்குமே காது நன்றாகக் கேட்கும். பிள்ளைக்கு இரண்டும் சேர்ந்து வர 4ல் 1 வாய்ப்பு. இதில் தாயின் தப்பு எங்கே இருக்கிறது? கிரகணம் எங்கே வந்தது? இதை விளக்கிச் சொல்ல அன்றைக்கு ஆள் இருந்திருந்தால் அந்தக் கிழவி கொஞ்சம் நிம்மதியாகப் போயிருப்பார்.

கணக்கும் சொல்லிவிடுகிறேன். ஒரு மரபணுவின் இரண்டு பிரதியும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பு: அண்ணன் தங்கை ஓநாய்க்குப் பிறந்த குட்டிக்கு 4ல் 1. தாய்மாமன், அக்கா மகள் என்றால் 8ல் 1. அத்தை மகன், மாமன் மகள் என்றால் 16ல் 1. இது நோய் வரும் வாய்ப்பு இல்லை, கவனியுங்கள். எந்தத் தம்பதிக்குமே 100ல் 2, 3 குழந்தைகளுக்குப் பெரிய பிறவிக் குறை வரலாம். அத்தை, மாமன் பிள்ளைகள் கட்டிக்கொண்டால் இன்னும் 2, 3 கூடும். மாமனைக் கட்டினால் இன்னும் கொஞ்சம் அதிகம். ஆக, பெரும்பாலான குழந்தைகள் நன்றாகத்தான் பிறக்கும். சொந்தத்தில் கட்டிக்கொண்டவர்களைக் கிண்டல் செய்வதற்கோ பயமுறுத்துவதற்கோ இதில் ஒன்றுமில்லை. தலைமுறை தலைமுறையாக அதே வட்டத்துக்குள் கொடுத்து எடுப்பதும், குடும்பத்தில் ஏற்கனவே ஒரு குறை இருப்பதும்தான் கவலைக்குரியவை.

"அதெல்லாம் அந்தக் காலம்" என்று தள்ளிவிடவும் முடியாது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள். நாடு முழுக்கப் பார்த்தால் பத்தில் ஒருவர் அளவுதான். வெளியூருக்கு வந்துவிட்டால் இது குறையும் என்று நினைக்கிறோம். நான் பார்த்தவரை சில வீடுகளில் நேர்மாறு. "தெரியாத ஊர், நம்ம ஆளு கிடைக்க மாட்டான்" என்று சொல்லி மாமன் மகனையே பார்க்கிறார்கள். நம் பிள்ளைகளில் சிலருக்கு இந்தப் பேச்சு இன்னும் பத்து வருஷத்தில் வரும்.

அந்தப் பேச்சு வரும்போது பிள்ளைக்குக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம். பள்ளிக்கூடத்தில் மெண்டலின் பட்டாணிச் செடியைப் படித்து மார்க் வாங்கிவிடுவார்கள், வீட்டோடு அதை யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. ஓநாய் வளர்த்த பிள்ளை சேர்த்துப் பார்க்கும். கூடவே ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள். ஆட்டத்தில் வேண்டாத குட்டியை விரட்டிவிடலாம். மனுஷரில் வேண்டாத குழந்தை என்று ஒன்று கிடையாது. எங்கள் பெரியத்தை தைத்த ரவிக்கைக்கு ஊரே வரிசையில் நின்றது.

ஆகவே செய்ய வேண்டியது இவ்வளவுதான். நோட்டின் பின்பக்கத்தில் உங்கள் குடும்பத்தை வரையச் சொல்லுங்கள். டாக்டர்கள் வரையும் முறையே எளிதுதான்: பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம், கல்யாணத்துக்கு ஒரு கோடு, சொந்தத்தில் என்றால் இரட்டைக் கோடு. பிறவிக் குறையோ பரம்பரை நோயோ இருந்தவர்களுக்கு உள்ளே கருப்படியுங்கள். சின்ன வயதில் இறந்த குழந்தைகளையும் விடாதீர்கள். விவரம் தெரிந்த பெரியவர்கள் ஊரில்தான் இருக்கிறார்கள். அடுத்த முறை போகும்போது நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள், விசாரணை மாதிரி இல்லாமல் கதை கேட்பது மாதிரி கேளுங்கள். சொந்தத்தில் பேச்சு நடந்தால், கல்யாணத்துக்கு முன் மரபியல் ஆலோசனைக்கு அந்தப் பக்கத்தையே கொண்டு போகலாம். ஏற்கனவே கட்டிக்கொண்டவர்கள் குழந்தை பிறந்ததும் ஒரு மாதத்துக்குள் காது பரிசோதனை செய்துவிடுங்கள். குறை இருந்தால் மூன்று மாதத்துக்குள் உறுதி செய்து, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை ஆரம்பித்தால் பேச்சு வரும் வாய்ப்பு மிக அதிகம்.

எங்கள் வீட்டு நோட்டில் இப்போது நாலு தலைமுறை இருக்கிறது. பாட்டிக்கும் தாத்தாவுக்கும் நடுவில் இரட்டைக் கோடு, பெரியத்தைக்குக் கருப்பு வட்டம். ஓரத்தில் மகள் தானாகவே எழுதியிருக்கிறாள்: "கிரகணம் இல்லை".

கொசுறு: நிஜ ஓநாய் ஊர்ப்பக்கம் எங்கே என்று கேட்கிறவர்களுக்கு: திருநாராயணபுரம் என்று நம் பெரியவர்கள் சொல்லும் மேல்கோட்டையைச் சுற்றிய காட்டை, ஓநாய்களைக் காப்பதற்கென்றே 1974ல் கர்நாடகம் சரணாலயமாக்கியது. கண்ணில் படும் என்று உத்தரவாதம் இல்லை. புளியோதரைக்கு நான் பொறுப்பு :-)