காலில் ஒரு சிறு காயம்

"காய்ச்சலிலே போய்விட்டார்." நமது கிராமங்களில் ஒரு மரணத்துக்குச் சொல்லப்படும் மிகச் சாதாரணமான காரணம் இது. அடக்கத் திருப்பலிக்கு முன் உறவினரிடம் விசாரிக்கும்போது இதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். பங்கின் மரணப் பதிவேட்டிலும் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். காய்ச்சல் ஏன் வந்தது என்று கேட்க வேண்டும் என்பது எனக்குப் பிந்தித்தான் உறைத்தது.

சில ஆண்டுகளுக்கு முன் என் பங்கில் ஒரு குடும்பத் தலைவர் இருந்தார். நான்கு இடங்கள் மாறி வந்தவர். சொந்த வயலுக்குத் திரும்ப வழியில்லாமல், பிறர் காணியில் நாட்கூலிக்கு வரம்பு கட்டியவர். மண்வெட்டி பட்டுக் கால் பெருவிரலோரம் கிழிந்தது. கோப்பித் தூளை அப்பிக்கொண்டு மறுநாளும் சேற்றில் இறங்கினார். இறங்காவிட்டால் கூலி இல்லை. மூன்றாம் நாள் கவட்டில் நெறி கட்டி, குலைப்பன் காய்ச்சலோடு மிஷன் வீட்டுக்கு வந்தார். நான் இரண்டு பனடோல் கொடுத்து, திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். ஞாயிறு இரவே அவருக்குப் பேச்சுத் தடுமாறியது. உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு போனோம். அடுத்த நாள் இறந்தார். இரத்தத்தில் கிருமி பரவிவிட்டது, முன்னரே கொண்டுவந்திருக்கலாம் என்றார் வைத்தியர். அவருக்குச் சலரோகம் இருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. அடக்கத்தின்போது, இது ஆண்டவருடைய சித்தம் என்று பிரசங்கம் செய்தேன். அந்தப் பிரசங்கத்தை இன்று மீளப் பெற்றுக்கொள்கிறேன்.

நடந்தது இதுதான். காயம், சிறுநீர் வழி, நெஞ்சுச் சளி, பிரசவித்த கருப்பை என்று ஏதோ ஓரிடத்தில் புகுந்த கிருமி, அங்கே அடங்காமல் இரத்தத்தில் கலக்கிறது. உடம்பு அதை எதிர்த்துப் போராடும் வேகத்திலே தன் உறுப்புகளையே சேதப்படுத்துகிறது. இரத்த அழுத்தம் விழுகிறது, சிறுநீரகம் நிற்கிறது. இதனை 'செப்சிஸ்' என்பர். 2017ஆம் ஆண்டில் உலகில் ஏறக்குறைய 1 கோடியே 10 இலட்சம் பேர் இதனால் இறந்தனர் என்று ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். அது உலக மரணங்களில் ஐந்திலொன்று. அதே ஆண்டு மே மாதத்தில் உலக சுகாதாரப் பேரவை, இதைத் தடுப்பதற்கு ஒவ்வொரு நாடும் முயல வேண்டுமென்று தீர்மானம் நிறைவேற்றியது. ஆனால் நம் வீடுகளில் இந்நோய்க்கு இன்னும் ஒரு பெயர்கூட இல்லை.

கமக்காரராகிய நமக்கு இது மிகவும் கிட்டிய விடயம். நாம் மிதிக்கும் சேற்றிலேயே வாழும் ஒரு கிருமி உண்டு. அது தரும் நோய்க்கு மெலியோய்டோசிஸ் என்று பெயர். 1912இல் ரங்கூனிலிருந்து அதைப் பற்றி முதலில் எழுதியவர்கள் விட்மோர், கிருஷ்ணசாமி என்ற இரு வைத்தியர்கள். இலங்கையில் முதலாவது நோயாளி பற்றிய அறிக்கை 1927இல் வந்தது. அவர் ஓர் ஐரோப்பியர். அதன்பின் ஏறத்தாழ எண்பது ஆண்டுகளாக விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே கண்டறியப்பட்டனர். 2006க்குப் பிறகு ஆய்வுகூடங்களில் முறையாகத் தேடத் தொடங்கியதும், வடக்கு கிழக்கு உட்பட நாட்டின் பல பகுதிகளிலும் நூற்றுக்கணக்கானோர் அகப்பட்டனர். கிருமி புதிதாக வந்து குடியேறவில்லை, பார்க்கத்தான் ஆளிருக்கவில்லை. அந்த எண்பது ஆண்டுகளில் வெறுங்காலோடு வயலில் நின்று 'காய்ச்சலிலே போனவர்' எத்தனை பேரோ!

இந்த நோய் மழைக்காலத்தில் அதிகம். சலரோகக்காரரை முதலில் தேடிப் பிடிக்கும். சில வேளை காசநோய் போலத் தோன்றி ஏமாற்றும். சாதாரண பெனிசிலின் இதற்குப் பலிக்காது. தகுந்த மருந்தை இரண்டு வாரமளவில் நாளத்தினூடாக ஏற்றி, பின் மூன்று மாதமாவது குளிசை விழுங்க வேண்டும். ஆகவே கடையில் நான்கு குளிசை வாங்கி, சுகம் கண்டதும் மீதியை அடுத்த வீட்டுக்குக் கொடுக்கும் நமது பழக்கம் இங்கே ஆளைக் கொல்லும்.

எலிக்காய்ச்சலை நீங்கள் அறிவீர்கள். 2008இல் நாடு முழுவதும் 7000க்கு மேற்பட்டோர் அந்நோயின் சந்தேகத்தில் பதிவாயினர். 2024 டிசம்பரில், வெள்ளம் வடிந்த கையோடு பருத்தித்துறை, கரவெட்டிப் பக்கங்களில் சிலர் அடுத்தடுத்து இறந்தபோது 'மர்மக் காய்ச்சல்' என்று பேச்சு எழுந்தது. பரிசோதித்தபோது அது எலிக்காய்ச்சலே. இதற்கு முற்காப்பு மருந்தைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கமக்காரருக்கு இலவசமாகவே தருகிறார்கள். கர்ப்பிணிகளும் பிள்ளைகளும் கேட்டறியாமல் அதை எடுக்கக்கூடாது. அதை விழுங்கிவிட்டோம், இனிக் காயம் ஒன்றும் செய்யாது என்று நினைப்பதும் தவறு.

இனி என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். கூட்டங்களில், "சனங்களுக்கு அறிவில்லை, விழிப்புணர்வு போதாது" என்று பேசுவோரைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. அந்த மனிதருக்கு அறிவு குறைவாயிருக்கவில்லை. ஒரு நாள் கூலியை விட்டால் அடுப்பு எரியாது என்ற அறிவு அவருக்கு நன்றாகவே இருந்தது. இடம்பெயர்ந்தபோது சலரோகக் கிளினிக் கொப்பி தொலைந்தது. புதிய இடத்தில் யாரும் அவரைத் தேடி வரவில்லை. நிவாரணம் கொடுத்த நாங்களோ விதைநெல் கொடுத்தோம், மண்வெட்டி கொடுத்தோம், பசளை கொடுத்தோம். காலுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை! மண்வெட்டியைக் கொடுத்தவன் சப்பாத்தையும் கொடுத்திருக்க வேண்டும். இறப்பர் சப்பாத்து சேற்றில் புதையும், நடக்க ஏலாது என்று சிலர் சொல்வது உண்மைதான். நானும் போட்டுப் பார்த்தேன். ஆழமான சேற்றில் அது தொல்லையே. ஆனாலும் வரம்பு வெட்டவும் வாய்க்கால் துப்புரவாக்கவும் அதைப் போடலாம். காலில் காயம் உள்ளவர் அது ஆறும்வரை சேற்றில் இறங்காமலிருக்க, மாதர் சங்கமோ கமக்காரர் அமைப்போ ஓரிரு நாட்கூலியைக் கைமாற்றாகக் கொடுக்கலாம். பெரிய தொகை ஒன்றும் அல்ல.

அரசிடமும் கேட்க வேண்டியது உண்டு. நமது ஆதார வைத்தியசாலைகளில், மருந்து ஏற்றுமுன் இரத்தம் எடுத்துக் கிருமி வளர்த்துப் பார்க்கும் வசதி எந்நாளும் இருக்க வேண்டும். பிரதேச அபிவிருத்திக் கூட்டங்களில் வீதி, குளம் பற்றிப் பேசும்போது இதையும் ஒரு கோரிக்கையாக வையுங்கள்.

நல்ல சமாரியனை நினைத்துப் பார்க்கிறேன். எண்ணெய் வார்த்துக் காயத்தைக் கட்டியதோடு அவன் நிற்கவில்லை. தன் மிருகத்தின் மேல் ஏற்றிச் சத்திரத்துக்குக் கொண்டு போனான், செலவுக்கும் கொடுத்தான். நான் எண்ணெய்க்குப் பதில் பனடோல் கொடுத்து, திங்கட்கிழமை வரை தவணை சொன்னேன்.

ஆகவே தவணை சொல்லாதீர்கள். காயத்தைச் சவர்க்காரமும் சுத்தமான நீரும் கொண்டு கழுவுங்கள்; கோப்பித் தூளும் சாணியும் வேண்டாம். ஏற்பு ஊசி போடுங்கள். காயமுள்ளவருக்கோ, பிரசவித்த தாய்க்கோ, சலரோகக்காரருக்கோ குலைப்பனோடு காய்ச்சல், மேல்மூச்சு, பேச்சுத் தடுமாற்றம், சிறுநீர் குறைதல், கைகால் குளிர்ந்து போதல் ஆகியவற்றில் எது கண்டாலும் இரவென்று பாராமல் கொண்டு போங்கள். வயோதிபருக்குக் காய்ச்சல் இல்லாமலும் இது வரும். வயலில் வேலை செய்பவர் என்பதையும், சலரோகம் உண்டா என்பதையும் வைத்தியர் கேட்குமுன் நீங்களே சொல்லுங்கள். அவசர அம்புலன்சுக்கு இலக்கம் 1990, கட்டணம் இல்லை.

காலபோக விதைப்புக்கு முன் எங்கள் பங்கில் சப்பாத்து வாங்க ஏற்பாடு செய்கிறோம். குடும்பத்தில் வயலுக்கு இறங்கும் ஒவ்வொருவருடைய கால் அளவையும், பெண்களுடையதையும் சேர்த்து, ஒரு துண்டில் எழுதி மிஷன் வீட்டில் கொடுத்துவிடுங்கள்.