மேகங்களில் எதிர்கொள்ளல்



நவம்பர்த் திங்கள் மரித்த விசுவாசிகளின் திங்கள். கல்லறைகளை மந்திரித்து, அவர்களுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கும் இந்நாள்களில்தான், ‘இரகசிய வருகை’ என்னும் போதனையைப் பற்றிய கேள்விகளும் நம்மிடம் மிகுதியாக வருகின்றன. பிரிந்துள்ள சகோதரர்களின் செபக்கூட்டங்கள் வழியாகவும், துண்டுப் பிரசுரங்கள் வழியாகவும், இப்பொழுது கைபேசி வழியாகவும் அது நம் இல்லங்களுக்குள் வந்துவிட்டது.

போதனை இதுதான். கிறிஸ்துநாதர் இரு கட்டங்களாக வருவார். முதலில் உலகம் அறியாவண்ணம் வானமண்டலம் வரை வந்து, மரித்த உண்மை விசுவாசிகளை எழுப்பி, உயிரோடிருக்கும் உண்மை விசுவாசிகளையும் அவர்களோடு சேர்த்து, ஒரு நொடியில் எடுத்துக்கொள்வார். கைவிடப்பட்டோர் ஏழாண்டுகள் அந்திக்கிறிஸ்துவின் கொடுமைக்கு உட்படுவர். பின்னர் அவர் வெளிப்படையாக வந்து ஆயிரமாண்டு அரசாள்வார். அதன் முடிவிலேயே ஏனையோர் உயிர்த்துத் தீர்ப்புப் பெறுவர். ஏழாண்டு என்னும் கணக்கு, தானியேல் ஆகமம் 9-ஆம் அதிகாரத்திலுள்ள எழுபதாம் வாரத்தை மற்ற வாரங்களினின்று பிரித்தெடுத்துக் கடைசிக் காலத்துக்கு ஒதுக்கியதால் வந்தது.

சென்ற ஆண்டு கணவரை இழந்த தாய் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு நம்மிடம் வந்தார். “சாமி, அவர் ஞாயிறு பூசை தவறாதவர். ஆனால் அவர் இரட்சிக்கப்படாதவராம். முதலாம் உயிர்த்தெழுதலில் வரமாட்டாராம். அப்படியானால் நான் அவரைப் பார்க்கவே மாட்டேனா?” என்று கேட்டார்.

இக்கேள்வி புதிதன்று. ஏறத்தாழ கி.பி. 50-ஆம் ஆண்டில் தெசலோனிக்கே நகரத்து விசுவாசிகளும் இதையே கேட்டனர். புனித சின்னப்பர் அவர்களிடையே குறுகிய காலமே தங்கிப் போதித்தார். ஆண்டவர் விரைவில் வருவார் என்று காத்திருந்த அவர்களுள் சிலர் இறந்துபோயினர். இறந்தவர்கள் அந்நாளின் மகிமையை இழந்துவிடுவார்களோ என்று மற்றவர்கள் கலங்கினர். அக்கலக்கத்துக்கு மறுமொழியாகவே முதல் திருமுகத்தின் 4-ஆம் அதிகாரத்தை அப்போஸ்தலர் எழுதினார். இறந்தவர்கள் பின்தங்கமாட்டார்கள், அவர்களே முதலில் எழுவார்கள், பின்பு உயிரோடிருப்போர் அவர்களோடுகூட மேகங்களில் ஆண்டவரை எதிர்கொள்ளக் கொண்டுபோகப்படுவர். இவ்வார்த்தைகளால் ஒருவரையொருவர் தேற்றுங்கள் என்பதே அவர் இட்ட கட்டளை. இறந்தோரையும் இருப்போரையும் ஒன்றுசேர்ப்பதற்காக எழுதப்பட்ட வாக்கியம், மனைவியைக் கணவரிடமிருந்து பிரிப்பதற்குப் பயன்படுவதைக் காண நமக்கு வேதனையாயிருக்கிறது.

‘எதிர்கொள்ள’ என்று அப்போஸ்தலர் சொன்னதை உற்று நோக்கவேண்டும். அதே கிரேக்கச் சொல் இன்னும் இரண்டு இடங்களில் வருகின்றது. பத்துக் கன்னியர் உவமையில், மணவாளனை எதிர்கொண்டு போகும்படி நள்ளிரவில் குரல் எழுகின்றது (மத். 25:6). சின்னப்பர் உரோமைக்கு வரும்போது, அந்நகரத்துச் சகோதரர்கள் நெடுந்தொலை நடந்துவந்து அவரை எதிர்கொள்கின்றனர் (அப். பணி 28:15). ஈரிடத்திலும் எதிர்கொள்ளப் போனவர்கள் வருகிறவரோடு வேறெங்கோ மறைந்துவிடவில்லை; அவரை அழைத்துக்கொண்டு திரும்புகின்றனர். நமக்கு இதை விளக்கவும் வேண்டுமோ? மேதகு ஆயர் பங்குக்கு எழுந்தருளும்போது மேளதாளத்தோடு ஊர் எல்லைக்குச் சென்று, மாலை அணிவித்து, ஆலயத்துக்கு அழைத்துவருகிறோம். எல்லையிலிருந்து அவரோடு வண்டியேறி ஊரைவிட்டுப் போய்விடுகிறவர் எவருமில்லை! நான்காம் நூற்றாண்டில் புனித கிறிசோஸ்தோம் அருளப்பரும் இப்பகுதியை விளக்குகையில், அரசன் நகருக்கு வரும்போது மதிப்புக்குரியோர் வெளியே சென்று வரவேற்பதையே எடுத்துக்காட்டினார். மேலும் எக்காளமும் அதிதூதரின் குரலும் ஒலிக்கும் வருகை இரகசியமாயிருப்பது எங்ஙனம்?

வயலில் இருவரிருக்க, ஒருவர் எடுக்கப்பட்டு மற்றவர் விடப்படுவார் என்னும் வசனத்தையும் காட்டுவர் (மத். 24:40). அதற்குச் சற்று முன்னே நோவாவின் காலம் பேசப்படுகின்றது. அங்கே வாரிக்கொண்டு போகப்பட்டவர்கள் வெள்ளத்தில் அழிந்தவர்களே. விடப்பட்டவர்கள் நோவாவும் அவர் குடும்பமும். எனவே எடுக்கப்படுவது பேறு என்று இவ்வசனத்தைக் கொண்டு உறுதியாகச் சொல்ல இயலாது.

இனி, இவ்விளக்கத்தின் வயதையும் பார்ப்போம். அயர்லாந்தில் ஆங்கிலிக்கன் குருவாயிருந்து, பின்னர் சகோதரர் சபையின் தலைவர்களுள் ஒருவரான ஜான் நெல்சன் டார்பி (1800–1882) என்பவர் 1830-களில் இதை வடிவமைத்துப் பரப்பினார். அதே சபையில் பெஞ்சமின் நியூட்டன் என்பவர் இதை வன்மையாக எதிர்த்தார். 1909-இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு விவிலியம் திருவாக்கின் அடியிலேயே இக்குறிப்புகளை அச்சிட்டது. தேவ வார்த்தை எது, மனிதர் குறிப்பு எது என்று பிரித்தறியாமல் வாசித்தவர் பலர். 1995 முதல் அமெரிக்காவில் வெளிவந்த நாவல் வரிசையொன்று எஞ்சியதைச் செய்து முடித்தது. இன்றும் இதை ஏற்போரிடையே, எடுத்துக்கொள்ளப்படுதல் ஏழாண்டுக்கு முன்னரா, நடுவிலா, பின்னரா என்று மூன்று கட்சிகள் உள்ளன.

ஆயிரமாண்டு அரசு பற்றிய எதிர்பார்ப்போ மிகப் பழையது. அதை மறைத்தல் நேர்மையாகாது. இரண்டாம் நூற்றாண்டுப் புனித யுஸ்தீன் அதை நம்பினார். ஆயினும் பக்தியுள்ள கிறிஸ்தவர் பலர் வேறுவிதமாக எண்ணுகின்றனர் என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார். புனித அகுஸ்தீனார் தம் ‘கடவுளின் நகரம்’ என்னும் நூலின் 20-ஆம் புத்தகத்தில் இதற்குத் தெளிவு தந்தார். ஆயிரமாண்டு என்பது திருச்சபையின் காலம். முதலாம் உயிர்ப்பு, பாவத்தில் இறந்த ஆன்மா கிறிஸ்துவின் குரலைக் கேட்டு இப்பொழுதே எழுவது (அரு. 5:25). இரண்டாவது, கல்லறைகளில் உள்ள அனைவரும் கடைசி நாளில் எழுவது (அரு. 5:28-29). அந்த அம்மையாரின் கணவர் ஞானஸ்நானத் தொட்டியிலேயே முதலாம் உயிர்ப்பைப் பெற்றவர். பாவசங்கீர்த்தனத்தில் அதைப் புதுப்பித்துக்கொண்டவர்.

கிறிஸ்துவின் ஆயிரமாண்டுக் காணக்கூடிய ஆட்சியைப் போதித்தல் ஆபத்தற்றதன்று என்று 1944-இல் உரோமை அறிவித்தது. 1992-இல் வெளிவந்த மறைக்கல்வி நூலும், திருச்சபை கடைசிச் சோதனைக்குத் தப்பி ஓடாது, அதன் வழியாகவே தன் ஆண்டவரைப் பின்சென்று மகிமையடையும் என்று கற்பிக்கின்றது (எண் 675–677). இவ்விஷயத்தில் கீழைத் திருச்சபையினரும் நம்மோடு நிற்கின்றனர். லுத்தரன் சபையாரின் 1530-ஆம் ஆண்டு அறிக்கையும், உயிர்ப்புக்கு முன் நல்லோர் மட்டும் உலகை ஆளுவர் என்னும் கருத்தை மறுக்கின்றது.

உயிர்ப்புநாள் வரை மரித்தோர் நிலை என்ன? நம்மிடையேயும் இதில் தடுமாற்றம் இருந்ததுண்டு. பொதுத்தீர்வை வரை ஆன்மாக்கள் தேவனை முகமுகமாய்த் தரிசிப்பதில்லை என்று பாப்பரசர் 22-ஆம் அருளப்பரே சில மறையுரைகளில் கூறி, 1334-இல் தாம் இறப்பதற்கு முன் அதைத் திருத்திக்கொண்டார். அவருக்குப்பின் வந்த 12-ஆம் ஆசீர்வாதப்பர் 1336-இல், தூய்மையடைந்த ஆன்மாக்கள் உடனே அத்தரிசனத்தைப் பெறுகின்றன என்று வரையறுத்தார். தூய்மையடைய வேண்டியவர்களுக்கு நம் செபமும் பலியும் உதவுகின்றன. ஆகவே அந்த அம்மையாரிடம், கணவர் எங்கோ வரிசையில் பின்தள்ளப்பட்டு நிற்கவில்லை என்றும், அவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுப்பதை விடவேண்டாம் என்றும் கூறினோம்.

பள்ளியிலிருந்து திரும்பும் குழந்தை, வீட்டில் தாயைக் காணாமல், தான் கைவிடப்பட்டேனோ என்று அழும் அளவுக்கு இப்பயம் சில இல்லங்களில் ஊட்டப்படுகின்றது. பெற்றோர் இதைக் கண்டிப்பாகத் தடுக்கவேண்டும். நாள் குறிப்போர் பேச்சையும் நம்பவேண்டாம். அமெரிக்காவில் வில்லியம் மில்லரைப் பின்பற்றியோர் 1844 அக்டோபர் 22-ஆம் நாளையும், ஹரோல்டு கேம்பிங் என்பவர் 2011 மே 21-ஆம் நாளையும் குறித்தனர். இரண்டு நாள்களும் மற்ற நாள்களைப்போலவே கழிந்தன.

உடலைத் தகனம் செய்தால் உயிர்ப்புக்குத் தடையாகுமா என்று கேட்டு எழுதிய வாசகர்களுக்கு, 1963-இல் திருச்சபை அளித்த அனுமதியையும், சாம்பலைப் பற்றி 2016-இல் வெளியிட்ட நெறிமுறைகளையும் அடுத்த இதழில் விளக்குவோம்.